ஓவர்க்ளாக்கிங்: இப்போது அதைச் செய்வது யார்?

போன மே மாதம் எங்கள் தெருவில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் அண்ணன் ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, புது சிஸ்டம் வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது. காலையில நல்லா ஓடுது. மத்தியானம் எக்ஸ்போர்ட் போட்டா பாதியில சாஃப்ட்வேர் மூடிக்குது. ஃபேன் சத்தம் வேற தாங்கல. கடையில கேட்டா, சூடு அதிகம், வாட்டர் கூலர் போடுங்கன்றாங்க. பதினஞ்சாயிரம் ஆகுமாம். எது வாங்கலாம், சொல்லு."

வாங்குறதுக்கு முன்னால ஒரு தடவை பார்க்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனேன். மொட்டை மாடியை ஒட்டிய அறை. சுவரில் இருந்த வெப்பமானி 37 டிகிரி காட்டியது. கேபினட்டைத் திறந்து பார்த்தால் கூலர் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது. தெர்மல் பேஸ்ட்டும் சரி. பிறகு பயாஸுக்குள் போனேன். ப்ராசசர் அதிகபட்சம் எத்தனை வாட் இழுக்கலாம் என்று குறிக்கும் கட்டத்தில் 4096 என்று இருந்தது.

4096 வாட்! வீட்டு கீசரே 2000, 3000 வாட்தான். எந்த டெஸ்க்டாப் ப்ராசசரும் அவ்வளவு இழுக்கப் போவதில்லை. அந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான்: வரம்பு கிடையாது, முடிந்தவரை ஓடு.

"அண்ணே, இதை ஓவர்க்ளாக் கீவர்க்ளாக் பண்ணீங்களா?"

"ஓவர்க்ளாக்னா என்ன?"

அவர் பயாஸை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. மதர்போர்டு டப்பாவிலிருந்து எடுத்து மாட்டியபோதே அப்படித்தான் இருந்திருக்கிறது. கறாராகப் பார்த்தால் வாட் வரம்பை எடுத்துவிடுவதை ஓவர்க்ளாக்கிங் என்று சொல்ல மாட்டார்கள். க்ளாக் வேகம் கம்பெனி அறிவித்த உச்சிக்குள்தான் இருக்கும். ஆனால் அதிக மின்சாரம், அதிக சூடு, அதிக சத்தம், கொஞ்சம் ஆபத்து, கொஞ்சம் வேகம் என்று ஓவர்க்ளாக்கிங்கின் எல்லா விளைவும் அந்த அறையில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கிய ஆள் மட்டும் இல்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓவர்க்ளாக்கிங் செத்துவிட்டது என்று பழைய ஆட்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். என் கருத்து வேறு. ஓவர்க்ளாக்கிங் சாகவில்லை, கை மாறிவிட்டது. முன்பு நாம் செய்தோம். இப்போது நம்மைக் கேட்காமலேயே நமக்குச் செய்து அனுப்புகிறார்கள்.

அப்போது மிச்சம் இருந்தது

1998 ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவு ப்ராசசரை விட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், 4.5 மடங்கு பெருக்கி. ஆக 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கியைப் பூட்டி வைத்திருந்தார்கள், பஸ்ஸைப் பூட்டவில்லை. பஸ்ஸை 100-க்கு ஏற்றினால் அதே சிப் 450-இல் ஓடியது. அதே நேரத்தில் வந்த பென்டியம் 2-இன் உச்ச வேகமும் 450தான். அதன் விலையோ செலரானைப் போல நாலு மடங்குக்கும் மேல். ஏபிட் கம்பெனியின் பிஎச்6 என்ற மதர்போர்டில் ஜம்பர் எதையும் பிடுங்கி மாட்டாமல் பயாஸிலேயே பஸ் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றலாம். இரண்டும் சேர்ந்து ஒரு தலைமுறைக்கே ஓவர்க்ளாக்கிங் பைத்தியம் பிடித்தது.

2000-இல் வந்த ஏஎம்டி அத்லான் சிப்புகளில் இன்னும் வேடிக்கை. சிப்பின் மேலேயே வெட்டிவிடப்பட்ட சின்னச் சின்ன இணைப்புகள் இருக்கும். சாதாரண பென்சிலால் அந்த இடைவெளிகளைத் தேய்த்தால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தி, பூட்டிய பெருக்கி திறந்துகொள்ளும். ஒரு பென்சில், கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதான்.

இது எப்படி முடிந்தது? ஒரே வேஃபரில் இருந்து வெட்டும் சிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி வருவதில்லை. சோதித்துத் தரம் பிரிப்பார்கள். நன்றாக ஓடக்கூடிய சிப்பையும் மலிவுச் சந்தைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகக் குறைந்த வேகம் என்று முத்திரை குத்தி விற்பார்கள். பத்து வருஷம் எந்த மோசமான அறையிலும் ஓட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் தாராளமான பாதுகாப்பு இடைவெளியும் விடுவார்கள். அந்த இடைவெளிதான் ஓவர்க்ளாக் செய்தவனின் சொத்து. சிப் போனால் அவனுடையதுதான் போகும், வாரண்டியும் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். ஆபத்தும் ஆதாயமும் ஒரே ஆளிடம் இருந்தன. எனக்கு அதில் பிடித்த விஷயமே அந்த நேர்மைதான்.

மிச்சத்தை யார் எடுத்தார்கள்

2008-இல் இன்டெல்லின் நெஹாலம் சிப்புகளில் டர்போ பூஸ்ட் வந்தது. சூட்டிலும் மின்சாரத்திலும் இடம் இருந்தால் சிப் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். 2011-இல் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது பஸ்ஸை ஏற்றும் வழி கிட்டத்தட்ட அடைபட்டது. எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே க்ளாக் மூலம் என்பதால் நாலைந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் மற்றவை தகராறு செய்தன. பெருக்கியைத் திறந்து வைத்த சிப் வேண்டுமென்றால் பெயரில் 'கே' என்ற எழுத்து உள்ளதைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும், அதற்கென்று தனி சிப்செட் உள்ள மதர்போர்டும் வாங்க வேண்டும். மலிவுச் சிப்பை உயர்த்துவது என்ற பழைய விளையாட்டு அதோடு முடிந்து, ஓவர்க்ளாக்கிங் ஒரு விற்பனைப் பொருளாகிவிட்டது.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. 2012-இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 680-உடன் ஜிபியு பூஸ்ட் வந்தது. கார்டு தன் வேகத்தைத் தானே முடிவு செய்ய ஆரம்பித்தது. இப்போது கார்டை வாங்கி ஓவர்க்ளாக் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், நமக்கு ஒட்டு மிச்சம்.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது, மறுக்கக் கூடாது. ஒவ்வொரு கோரையும் மில்லி செகண்ட் கணக்கில் கவனித்து வேகத்தை மாற்றும் நிரலுக்கு முன்னால், ராத்திரி முழுக்க உட்கார்ந்து வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் நம் கை வேலை ஒன்றுமே இல்லை. பயாஸ் என்றால் என்னவென்றே தெரியாதவருக்கும் அந்தக் கூடுதல் வேகம் காசில்லாமல் கிடைக்கிறது. அது நியாயம்தான். ஆனால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வியை இந்த நியாயம் தொடுவதே இல்லை.

கடைசி இரண்டு சதவீதம்

சிப் இழுக்கும் மின்சாரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வேகத்தை ஏற்றினால் அதே விகிதத்தில் ஏறும். வோல்டேஜை ஏற்றினால் அதன் வர்க்கத்தில் ஏறும். வேகத்தை 10 சதவீதம் ஏற்ற வோல்டேஜும் 10 சதவீதம் வேண்டியிருக்கிறது என்று வையுங்கள்: 1.1 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1, அதாவது 33 சதவீதம் அதிக மின்சாரம். உச்சிக்குப் பக்கத்தில் வோல்டேஜ் வேகத்தைவிட வேகமாக ஏறும் என்பதால் நிஜத்தில் இன்னும் மோசம்.

காகிதக் கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நிஜ ஜோடி. ஏஎம்டியின் ரைசன் 7 7700எக்ஸ், 2022 செப்டம்பர். ரைசன் 7 7700, 2023 ஜனவரி. இரண்டிலும் அதே ஜென் 4, அதே எட்டு கோர். முதலாவதின் உச்ச வேகம் 5.4 ஜிகாஹெர்ட்ஸ், சாக்கெட்டில் இழுக்கும் உச்ச மின்சாரம் 142 வாட். இரண்டாவதின் உச்ச வேகம் 5.3, மின்சாரம் 88 வாட். உச்ச வேகத்தில் 2 சதவீத வித்தியாசம். மின்சார வரம்பில் 61 சதவீதம். அதைவிட வேடிக்கை, 88 வாட் சிப்போடு டப்பாவிலேயே கூலர் வந்தது. 142 வாட் சிப்புக்கு நாம் தனியாக வாங்க வேண்டும்.

அதாவது அந்தக் கடைசி 2 சதவீதத்துக்கு உண்மையான விலை சிப்பின் விலைச்சீட்டில் இல்லை. கூலர் பில்லில் இருக்கிறது, பெரிய பவர் சப்ளை பில்லில் இருக்கிறது, கரண்ட் பில்லில் இருக்கிறது.

அப்படியானால் ஏன் செய்கிறார்கள்? பட்டை வரைபடத்துக்காக. புதுச் சிப் வரும் நாளில் எல்லா விமர்சனங்களிலும் ஒரே மாதிரிப் பட்டைகள் வரும், நீளமான பட்டை மேலே. எதிராளியைவிட 2 சதவீதம் நீளமாக இருந்தால் "உலகின் வேகமான கேமிங் ப்ராசசர்" என்று டப்பாவில் அச்சடிக்கலாம். மதர்போர்டு கம்பெனிகளுக்கும் இதே போட்டி: ஒரே சிப்பை மாட்டினால் எல்லா போர்டும் ஒரே எண்ணைத்தானே காட்ட வேண்டும்? வரம்பைக் கழற்றிவிட்ட போர்டு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் நம் அண்ணன் வீட்டில் 4096.

விமர்சகர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் அசுர உழைப்பு உழைக்கிறார்கள். என் குறை அவர்கள் எடுத்துக்கொண்ட வடிவத்தின் மேல். 21, 22 டிகிரியில் வைத்த அறை, பக்கச் சுவர் இல்லாத திறந்த மேசை, விலை உயர்ந்த 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர். ஒப்பிடுவதற்கு அது சரியான முறைதான். ஆனால் அங்கே 80 டிகிரி என்று வந்த எண், 37 டிகிரி அறையில் ஏறக்குறைய 95 ஆகும். காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ, இரண்டும் அறையின் வெப்பத்துக்கு மேலே எவ்வளவு என்றுதான் வேலை செய்யும். அறையைவிடக் குளிர்ச்சியாக எதுவும் ஆக்காது. வாட்டர் கூலர் என்ற பெயரைக் கேட்டு ஐஸ் தண்ணீர் என்று நினைத்துக்கொள்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். விமர்சனங்களில் "அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி" என்று எழுதுகிறவர்கள் நமக்கு உபகாரம் செய்கிறார்கள். "ப்ராசசர் 80 டிகிரி" என்று மட்டும் எழுதுகிறவர்கள் நமக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. ரைசன் 7000 வரிசையில் 95 டிகிரி வரை போவதே வடிவமைப்பு என்று ஏஎம்டி சொன்னது. நல்ல கூலர் போட்டால் சிப் குளிர்ச்சியாகும் என்று நாம் நினைப்போம். முழுச் சுமையில் சிப் அந்த இடத்தையும் வேகமாக மாற்றிக்கொண்டு மறுபடியும் 95-இல் போய் நிற்கும். வரம்பைத் தொடாமல் கூலரை மட்டும் பெரிதாக்கினால் மிஞ்சுவது இன்னும் கொஞ்சம் வேகமும் இன்னும் நிறைய சூடும்தான். அந்தச் சூடு எங்கே போகும்? அறைக்குள்தான். சிப் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைச் சூடாகத்தான் வரும், கூலர் எதுவானாலும் சரி. 250 வாட் ப்ராசசரும் 450 வாட் கார்டும் சேர்ந்து ஓடினால், மே மாதத்தில் அறைக்குள் 700 வாட் ஹீட்டர் போட்ட மாதிரி.

பில் வந்த வருஷம்

இது வரைக்கும் சத்தம், சூடு, கரண்ட் பில். 2023, 2024-இல் வேறு மாதிரி பில் வந்தது.

2023 ஏப்ரலில், வந்து சில வாரங்களே ஆன ரைசன் 7 7800எக்ஸ்3டி சிப்புகள் சில, சாக்கெட்டோடு கருகிய படங்கள் வந்தன. மெமரியை அறிவித்த வேகத்தில் ஓட்ட ஒரு சொடுக்குப் போதும் என்று எக்ஸ்போ என்ற வசதி உண்டு. அதைப் போட்டதும் சில போர்டுகள் சிப்பின் எஸ்ஓசி வோல்டேஜையும் தாராளமாக ஏற்றிவிட்டிருந்தன. ஏஎம்டி அதை 1.3 வோல்டுக்கு மேல் போகாமல் பயாஸ் வழியாகப் பூட்டியது.

அடுத்தது இன்டெல். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில், முக்கியமாக ஐ9-களில், கேம்கள் திறக்கும்போது கிராபிக்ஸ் மெமரி போதவில்லை என்று பிழை காட்டி மூடிக்கொண்டன. நல்ல கார்டு வைத்திருந்தவர்கள்கூட கார்டைத்தான் சந்தேகப்பட்டார்கள், டிரைவரை மாற்றினார்கள், விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கடைசியில் கோளாறு ப்ராசசரில் இருந்தது. 2024 வசந்த காலத்தில், மதர்போர்டுகள் வரம்புகளைக் கழற்றி வைத்திருப்பதை இன்டெல் சுட்டிக்காட்டி, தன் இயல்பு அமைப்புகளுக்குத் திரும்பச் சொன்னது. ஜூலையில், தன்னுடைய மைக்ரோகோடே தவறான, அதிக வோல்டேஜைக் கேட்டுக்கொண்டிருந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 திருத்தம் 1.55 வோல்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. அதிக வோல்டேஜாலும் சூட்டாலும் சிப்பின் க்ளாக் சுற்று மூப்படைந்ததுதான் மூலக் காரணம் என்று செப்டம்பரில் சொன்னது. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே மூப்படைந்த சிப்பை அது சரி செய்யாது. வாரண்டியை மூன்றிலிருந்து ஐந்து வருஷம் ஆக்கினார்கள்.

பழி போர்டு கம்பெனிகள் மேலா, இன்டெல் மேலா? இரண்டின் மேலும். இன்டெல் சொன்ன காரணங்களின் பட்டியலிலேயே இரண்டும் இருந்தன. என் கவனம் அங்கே இல்லை. அதிக வோல்டேஜ், அதிக சூடு, அதனால் சிப் சீக்கிரம் தேய்வது: இது 1998-இலிருந்தே ஓவர்க்ளாக் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் முதல் எச்சரிக்கை. ஒரு பையன் தன் செலரானில் அதைச் செய்தால் "உன் பொறுப்பு" என்றார்கள். இரண்டு வருஷமாக இயல்பு அமைப்பு என்ற பெயரில் அதைத் தொழிற்சாலையே செய்தபோது, அந்தப் பொறுப்பு யாருடையது என்று கண்டுபிடிக்கவே அத்தனை மாதம் ஆகியது. அதுவரைக்கும் வாங்கினவன்தான் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான்.

திரவ நைட்ரஜனை ஊற்றி மைனஸ் 196 டிகிரியில் சிப்பை 9 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் காட்டுகிறவர்களை நான் மதிக்கிறேன். சில நொடிக்குத்தான், சிப் போகலாம், தினசரி வேலைக்கு ஆகாது என்று அவர்களே முதலில் சொல்லிவிடுகிறார்கள். அதே துணிச்சலை டப்பாவுக்குள் வைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல், வீடியோ எடிட்டர் ஒருவருக்கு விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என்ன கேட்கலாம்

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். புதுச் சிப்பை விமர்சிப்பவர்கள் ஒவ்வொரு பட்டைக்குப் பக்கத்திலும் இன்னொரு பட்டை போடட்டும்: அதே சிப், பாதி வாட் வரம்பில். அந்த இரண்டு பட்டைகளின் இடைவெளிதான் வாங்குகிறவருக்கு மிக உபயோகமான தகவல். மதர்போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது "சிப் கம்பெனி சொன்ன வரம்பா, வரம்பில்லாததா" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். கேட்டுவிட்டு 4096 போட்டால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

அண்ணன் சிஸ்டத்தில் வரம்பை 125 வாட் என்று வைத்தேன். ஐந்து நிமிஷ வேலை. அதே அறை, அதே மத்தியானம், அதே கூலர். முன்பு 100 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது 80-க்குள் இறங்கியது. பேச்சுச் சத்தம் கேட்கிற அளவுக்கு ஃபேன் அடங்கியது. காலையில் 40 நிமிஷம் எடுத்த எக்ஸ்போர்ட் இப்போது 42 நிமிஷம் எடுத்து, மூடிக்கொள்ளாமல் முழுசாக முடிந்தது. கூலர் வாங்கவில்லை.

அவருக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

"ரெண்டு நிமிஷத்துக்காகவாடா என்னை ரெண்டு மாசம் அலைய விட்டாங்க? கல்யாண வீட்டுக்காரங்க எத்தனை பேச்சு பேசினாங்க தெரியுமா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் சிஸ்டத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வாட் வரம்புக் கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். எழுதும்போது உங்கள் அறை எத்தனை டிகிரி என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.